ஐப்ராக்ஸின் 13-ஆம் படிக்கட்டு: கூட்டம் கலையும் நேரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

உலகின் பெரிய விளையாட்டு மைதானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை பேர் உட்காரலாம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் 1,32,000 பேர். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம். அவ்வளவு பேரும் ஆட்டம் முடிந்தபின் எத்தனை நிமிடத்தில், எந்த வழியாக வீதிக்கு வந்து சேர்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

பிரிட்டனில் அந்தக் கேள்வி சட்டமாவதற்கு 66 பேர் சாக வேண்டியிருந்தது. 1971 ஜனவரி 2, சனிக்கிழமை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகத்தின் ஐப்ராக்ஸ் மைதானம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர்கள் ஒரு படிக்கட்டில் நசுங்கி இறந்தார்கள். அந்தப் படிக்கட்டின் எண் 13.

அதே படிக்கட்டில் அதற்கு முந்தைய பத்தாண்டுக்குள் மூன்று முறை ஆட்கள் நசுங்கியிருந்தார்கள். ஒருமுறை உயிரும் போயிருந்தது. கழகத்துக்குத் தெரியும், காவல்துறைக்குத் தெரியும், அந்த வழியாக நடந்த ரசிகர்களுக்கும் தெரியும். இத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் ஒன்றும் மாறாமல் போனது எப்படி என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் வரும் தனிமனிதர்களில் பெரும்பாலோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: மண்மேட்டில் எழுந்த மைதானம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகின் மிகப் பெரிய கால்பந்து மைதானங்களைப் பார்க்க நினைத்தவர் கிளாஸ்கோவில்தான் இறங்கியிருக்க வேண்டும். ஹாம்ப்டன் பார்க், செல்டிக் பார்க், ஐப்ராக்ஸ் மூன்றும் அந்த ஒரே ஊரில் இருந்தன. 1950-இல் ரியோவில் மரக்கானா எழும்வரை ஹாம்ப்டன்தான் உலகிலேயே பெரியது. 1937-இல் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு அங்கே வந்தவர்கள் 1,49,415 பேர். ஐப்ராக்ஸும் லேசுப்பட்டதல்ல. 1939 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்ஸ், அதே நகரின் போட்டிக் கழகமான செல்டிக்கோடு ஆடிய ஆட்டத்துக்கு 1,18,567 பேர் வந்தார்கள். பிரிட்டனில் ஒரு லீக் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம் அதற்குப் பிறகு வந்ததே இல்லை.

இவ்வளவு பேர் கொண்டது உட்கார இருக்கை போட்டதால் அல்ல. பெரும்பாலானோர் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். சரிவான மேட்டில் படிபடியாகத் தளம் வெட்டி, ஆங்காங்கே சாய்ந்துகொள்ளத் தடுப்புக் கம்பிகள் நட்ட நிற்கும் காலரிகள் அவை.

அந்த மேடு மண்மேடாக இருந்ததற்குப் பின்னால் ஒரு பழைய விபத்து இருக்கிறது. 1902 ஏப்ரல் 5 அன்று இதே ஐப்ராக்ஸில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். அப்போதைய காலரி இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை பரப்பியது. ஆட்டத்தின் நடுவே பலகைகள் முறிந்து ஒரு பகுதி அப்படியே உள்வாங்கியது. ஆட்கள் அந்தப் பள்ளத்தின் வழியே கீழே தரைக்கு விழுந்தார்கள். 25 பேர் இறந்தனர். அதன்பின் பெரிய காலரிகளைத் தாங்க மரத்தை நம்புவதை விட்டுவிட்டுக் கெட்டியான மண்ணைக் கொட்டி மேடு எழுப்பினார்கள். அந்தக் காலத்து அறிவுக்கு அது நல்ல தீர்வு. மண்மேடு முறியாது.

ஆனால் மண்மேட்டுக்கு உள்ளே வழி வைப்பது எளிதல்ல. வெளியிலிருந்து வருபவர் மேட்டின் வெளிச்சரிவில் படியேறி உச்சிக்குப் போய், அங்கிருந்து உள்பக்கம் இறங்கித் தன் இடத்தில் நிற்க வேண்டும். திரும்பும்போது தலைகீழ். காலரி முழுவதும் மேல்நோக்கி ஏறி உச்சியில் ஒரு குறுகிய வாயில் போன்ற இடத்தில் கூடி, வெளிப்பக்கம் நீளமான செங்குத்துப் படிகளில் இறங்க வேண்டும். 1902-இல் விழுந்தவர்களுக்காகச் செய்த மாற்றம், வெளியேறும் கூட்டம் முழுவதையும் சில படிக்கட்டுகளின் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

13-ஆம் படிக்கட்டு மைதானத்தின் வடகிழக்கு மூலையில், கோப்லண்ட் சாலைப் பக்கம் இருந்தது. சுரங்க ரயில் நிலையத்துக்குப் போக அதுதான் வசதி. அதனால் மற்றப் படிக்கட்டுகளைவிட அங்கே எப்போதும் கூட்டம் அதிகம். படிக்கட்டை நீளவாக்கில் இரும்புக் குழாய்க் கைப்பிடிகள் ஏழு தடங்களாகப் பிரித்தன. இருபுறமும் கெட்டியான மரவேலி. ஒரு தடத்தில் நுழைந்தவர் பக்கத்துத் தடத்துக்கு மாற முடியாது, ஓரமாக ஒதுங்கி மேட்டின் புல்சரிவில் இறங்கவும் முடியாது. கீழே போய்ச் சேரும்வரை அவருக்கு இருந்த வழி அந்தத் தடம் ஒன்றுதான்.

முன்னால் தெரிந்தவை

1961 செப்டம்பர் 16, ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்குகையில் 13-ஆம் படிக்கட்டில் நெரிசல். இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். 1967-இல் மறுபடி அதே படிக்கட்டில் காயங்கள். 1969 ஜனவரி 2, புத்தாண்டை ஒட்டிய அதே ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம், அதே படிக்கட்டு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் ஏதோ செய்யப்பட்டது. கழகம் கைகட்டிச் சும்மா இருந்தது என்று சொன்னால் அது பொய். 1961-க்குப் பிறகு மைதான மேம்பாட்டுக்குக் கணிசமான பணம் செலவானது. படிகளும் கைப்பிடிகளும் பலப்படுத்தப்பட்டன. அந்தச் செலவு எந்தக் கேள்விக்கான பதில் என்று பார்த்தால்தான் கோளாறு தெரிகிறது. "எது உடைந்தது? அதை இன்னும் பலமாகக் கட்டு" என்பதே ஒவ்வொரு முறையும் இருந்த சிந்தனை. உடைந்த பொருளைப் பழுது பார்த்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், அந்தப் படிகள் எத்தனை பேரை இறக்கிவிடும் என்ற கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பலமான கைப்பிடியும் கெட்டியான வேலியும் தப்பிக்கும் வழியை இன்னும் இறுக அடைத்தன என்பதும் யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்று. பாதுகாப்பு இன்னாருடைய பொறுப்பு என்று எழுதி வைத்த சட்டம் எதுவும் அன்று இல்லை. மைதானத்துக்கு உரிமம் தேவையில்லை. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதைக் கழகமே முடிவு செய்தது. காவல்துறை ஒழுங்கைப் பார்த்துக்கொண்டது, கழகம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டது. கூட்டம் எப்படி நகர்கிறது என்பது இருவர் கணக்கிலும் வரவில்லை.

வெளியூர்ச் செய்தியும் வந்துகொண்டுதான் இருந்தது. 1968 ஜூனில் பியூனஸ் அயர்ஸின் மாபெரும் மொனுமென்டல் மைதானத்தில், 12-ஆம் கேட்டுக்கு இறங்கும் படிகளில் 71 பேர் நசுங்கி இறந்திருந்தார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். பெரிய மைதானம், ஆட்டம் முடிந்த நேரம், கீழிறங்கும் படிகள், எல்லாம் ஒன்றே.

அன்று மாலை

1971 ஜனவரி 2 அன்று வந்தவர்கள் சுமார் 80,000 பேர். பெரிய கூட்டம்தான், ஆனால் அந்த மைதானம் அதைவிடப் பெரிய கூட்டத்தைப் பலமுறை கண்டிருக்கிறது. ஜனவரியில் கிளாஸ்கோவில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆட்டம் முடியும்போது வெளிச்சம் போய்விட்டது.

கடைசி நிமிடம்வரை யாரும் கோல் போடவில்லை. முடிவதற்குச் சற்று முன் செல்டிக் ஒன்று போட்டது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் முகம் தொங்கிப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ரேஞ்சர்ஸ் பதில் கோல் போட்டது. 1-1. தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்ட சந்தோஷம். விசில் அடித்ததும் கோப்லண்ட் சாலைப் பக்கக் காலரியில் இருந்தவர்கள் பாட்டும் கூச்சலுமாக, தோளோடு தோள் அணைத்து, 13-ஆம் படிக்கட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விசில் அடித்து ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்து, படிகளின் பாதி வழியில் யாரோ விழுந்தார்கள். ஒருவரா, இருவரா, எதனால் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. விழுந்தவர்மேல் பின்னால் வந்தவர் விழுந்தார், அவர்மேல் அடுத்தவர்.

உச்சியில் நின்றவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் இருப்பவரின் பிடரி மட்டும். முன்னால் இடம் இருப்பது போலவே தோன்றுகிறது, பின்னால் இருந்து தள்ளு வருகிறது, அவரும் ஒரு அடி வைக்கிறார். ஒவ்வொருவரும் வைத்த அந்த ஒரு சாதாரண அடி கீழே இருப்பவர்மேல் பாரமாக இறங்கியது. சமதரையில் கூட்டம் நெருக்கினால் ஆட்கள் கால் ஊன்றித் தாங்கிக்கொள்ள இடமுண்டு. இறங்கும் படியில் உடம்பின் எடையே தள்ளும் விசையாகிவிடுகிறது.

நின்ற நிலையிலேயே இறந்தவர்கள் உண்டு. கூட்ட நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுச் சாவது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். ஐப்ராக்ஸில் பெரும்பாலானோர் மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் இருபுறமும் அழுத்தினால், வாயும் மூக்கும் திறந்திருந்தாலும் மூச்சு உள்ளே போகாது. சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

மறுநாள் எடுத்த படங்களில் ஒன்றைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். படிக்கட்டின் நடுவே இருந்த இரும்புக் குழாய்க் கைப்பிடிகள் மெல்லிய கம்பிபோல வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. யாரும் சம்மட்டியால் அடிக்கவில்லை, எந்த வண்டியும் மோதவில்லை. மனித உடம்புகள் ஒன்றோடொன்று சாய்ந்த அழுத்தம் மட்டுமே அந்த இரும்பை வளைத்தது. படிகளில் இன்னொன்றும் கிடந்தது: காலணிகள். அழுத்தத்தில் ஆட்கள் தரையைவிட்டுத் தூக்கப்பட்டபோது கழன்று விழுந்தவை.

காவலர்களும் முதலுதவிக்காரர்களும் அடியிலிருந்து ஆட்களை உருவ முயன்றார்கள், முடியவில்லை. மேலே இருப்பவர்களைப் பின்னுக்கு நகர்த்திய பிறகுதான் குவியல் தளர்ந்தது. இறந்தவர்களை ஆடுகளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். மைதானத்தின் மறுபக்கம் வெளியேறிய ஆயிரக்கணக்கானோருக்கு எதுவும் தெரியாது. வீடு போய்ச் சேர்ந்து, வாசலில் அழுதுகொண்டு நின்ற தாய்மாரைப் பார்த்தபிறகே தெரிந்துகொண்டவர்கள் பலர்.

66 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இறந்தவர்களில் பலர் பதின்பருவத்தினர். ஒருவனுக்கு வயது 9. ஒரே சிற்றூரிலிருந்து சேர்ந்து கிளம்பி வந்த பள்ளிப் பையன்கள் ஐந்து பேர், ஐவரும் திரும்பவில்லை. ஒரே ஒரு பெண், வயது 18.

முதலில் பரவிய கதை

சம்பவம் நடந்த சில மணி நேரத்திலேயே ஒரு விளக்கம் ஊர் முழுக்கப் பரவியது. செல்டிக் கோல் போட்டதும் மனம் வெறுத்துப் படியிறங்கிய ரசிகர்கள், ரேஞ்சர்ஸ் பதில் கோலின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி மேலே ஓடினார்கள், இறங்கிவந்த கூட்டத்தோடு மோதினார்கள் என்பது அந்தக் கதை. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, அதனால் இன்றுவரை சொல்லப்படுகிறது.

நடந்த விசாரணை அதை ஏற்கவில்லை. நெரிசல் நேர்ந்தது கோல் விழுந்த கணத்தில் அல்ல, ஆட்டம் முடிந்து சில நிமிடம் கழித்து. அப்போது படியிலிருந்த எல்லோரும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்த்து ஏறியவர் இல்லை, சண்டை இல்லை, குடிபோதைக் கலவரம் இல்லை.

இந்தத் திருத்தத்தை அழுத்திச் சொல்கிறேன். "திரும்பி ஓடினார்கள்" என்ற கதையில் குற்றவாளி கூட்டம். "ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இடறினார்" என்றால் குற்றவாளி படிக்கட்டு. எண்பதாயிரம் பேர் வந்துபோகும் இடத்தில் ஒருவர் இடறுவது நடக்காத காரியமா? அது ஒவ்வொரு வாரமும் நடந்திருக்கும். ஒருவர் இடறியதற்கு 66 உயிர் விலையாகும்படி ஒரு வழியைக் கட்டி வைத்ததுதான் தவறு. 1982 அக்டோபரில் மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்திலும் கடைசி நேரக் கோல், இறங்கும் படி, நெரிசல். அரசுக் கணக்குப்படி அங்கும் 66 சாவு. அங்கும் இதே "திரும்பி ஓடினார்கள்" கதை கிளம்பியது. ஒரு லட்சம் பேர் கொள்ளும் அந்த மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் பதினாறாயிரம் சொச்சம்தான். பெரும்பாலோரை ஒரே பக்கக் காலரியில் அடைத்தார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் ஒரே படிக்கட்டில் குவிந்தார்கள்.

எடுத்த முடிவுகள்

கழகத்தின் முதல் முடிவு துக்கம் சார்ந்தது. ஒவ்வொரு இறுதிச் சடங்குக்கும் கழகத்தின் சார்பில் வீரர்களோ அலுவலர்களோ போக வேண்டும் என்று மேலாளர் ஏற்பாடு செய்தார். ஜனவரி 27 அன்று ஹாம்ப்டனில் நிவாரண நிதிக்காக ஓர் ஆட்டம் நடந்தது. ரேஞ்சர்ஸ், செல்டிக் வீரர்கள் ஒரே அணியாக நின்று ஸ்காட்லாந்து அணியோடு ஆடினார்கள். மதத்தாலும் வம்சத்தாலும் பிரிந்து கிடந்த இரு தரப்பு அது. 81,405 பேர் வந்தார்கள்.

இரண்டாவது, நீதிமன்றத்தில் நடந்தது. கணவரை இழந்த ஒரு பெண் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1974-இல் தீர்ப்பு வந்தது. தவறு கழகத்தினுடையது என்றார் நீதிபதி. முந்தைய விபத்துகளுக்குப் பிறகும் அந்தப் படிக்கட்டின் பாதுகாப்பைப் பற்றி இயக்குநர் குழு உண்மையாக யோசித்ததற்குச் சான்றே இல்லை என்பது அவர் கண்டது. பணம் செலவாகியிருந்தது, பேச்சு நடந்திருந்தது, யோசனை நடக்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உறைத்த இடம் இதுதான்.

மூன்றாவது அரசின் முடிவு. வீட்லி பிரபு என்ற நீதிபதியிடம் மைதானப் பாதுகாப்பு பற்றிய விசாரணையை ஒப்படைத்தார்கள். 1972-இல் அவர் அறிக்கை தந்தார். கழகங்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று இனி விட முடியாது, பெரிய மைதானங்களுக்கு உள்ளாட்சி அமைப்பு உரிமம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1973-இல் "பச்சை வழிகாட்டி" என்று அட்டை நிறத்தால் பெயர் பெற்ற கையேட்டின் முதல் பதிப்பு வந்தது. 1975-இல் விளையாட்டு மைதானங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தக் கையேட்டில் இருந்த ஒரு கணக்கை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு ஆள் தோள் அகலம் 55 சென்டிமீட்டர் என்று ஓர் அலகு வைத்தார்கள். அந்த ஓர் அலகு அகலத்தில் சமதரையில் நிமிடத்துக்கு 60 பேர் போகலாம். படிக்கட்டில் 40 பேர்தான். இப்போது ஒரு காலரியில் 8,000 பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஐந்தரை மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்றுதான் வழி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் என்றால் பத்து அலகு. நிமிடத்துக்கு 400 பேர். எல்லோரும் இறங்க 20 நிமிடம். எட்டு நிமிடத்துக்குள் காலியாக வேண்டும் என்பது கையேடு வைத்த எல்லை. அப்படியானால் இந்தப் படிக்கட்டை நம்பி 3,200 பேரைத்தான் உள்ளே விடலாம். எட்டாயிரமும் வேண்டுமென்றால் 25 அலகு, அதாவது பதினாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் படி வேண்டும். (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, 13-ஆம் படிக்கட்டின் அளவுகள் அல்ல.)

பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. இது வந்தபின் மைதானத்தின் கொள்ளளவு என்ற சொல்லுக்கே பொருள் மாறியது. உள்ளே வரும் வழிகளின் திறன், நிற்கவோ உட்காரவோ உள்ள இடம், வெளியேறும் வழிகளின் திறன், ஆபத்தில் காலிசெய்யும் திறன் என நான்கையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். எது மிகக் குறைவோ அதுதான் கொள்ளளவு. அதற்கும் மேலே, கட்டடத்தின் நிலையும் நிர்வாகத்தின் தரமும் மோசமானால் இன்னும் குறைக்க வேண்டும். சட்டம் வந்ததும் ஹாம்ப்டனின் கொள்ளளவு 1,35,000-லிருந்து 81,000-ஆக இறங்கியது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது என்று பெயர் எடுத்த மைதானம்.

நான்காவது முடிவு கழகத்துடையது. 1971-இல் மேலாளராக இருந்தவர் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் போய் வெஸ்ட்பாலன் மைதானத்தைப் பார்த்துவந்தார். 1970-களில் புதிதாக எழுந்தது அது, செவ்வக அமைப்பு, ஆடுகளத்தை ஒட்டிய தனித்தனிக் காலரிகள். அதைப் பார்த்து ஐப்ராக்ஸின் மண்மேடுகளை இடிக்க முடிவானது. 1978-இல் வேலை தொடங்கியது. 13-ஆம் படிக்கட்டு இருந்த கோப்லண்ட் சாலைப் பக்கம்தான் முதலில் எழுந்தது, 1979-இல். 1981-இல் மூன்று புதிய காலரிகளும் முடிந்தன. கொள்ளளவு 44,000. ஒரு லட்சத்து பதினெட்டாயிரம் பேரைக் கண்ட மைதானம் தன்னைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டது. வரும்படிக்கு அது நஷ்டம் என்று தெரிந்தே செய்தார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். 1928–29-இல் கட்டிய செங்கல் முகப்புள்ள பிரதான காலரியை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

சட்டம் வந்த பிறகும்

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

1975 சட்டத்தை எல்லா மைதானங்கள்மேலும் ஒரேயடியாகச் செலுத்தவில்லை. பெரிய கழகங்களிலிருந்து ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பிராட்போர்டு கழகத்தின் மரக்காலரிக்கு உரிமம் தேவைப்படவில்லை. 1985 மே 11 அன்று அந்தக் காலரி தீப்பிடித்து எரிந்தது. 56 பேர் இறந்தார்கள்.

உரிமம் இருந்த இடத்திலும் பழைய தவறு திரும்பியது. ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1981 அரையிறுதி ஆட்டத்திலேயே நெரிசலில் 38 பேர் காயமடைந்தார்கள். 1979-இல் தந்த பாதுகாப்புச் சான்றிதழ் அதன்பின் திருத்தப்படவில்லை. உள்ளே காலரியைக் கூண்டுகூண்டாக வேலி போட்டுப் பிரித்தார்கள், கொள்ளளவு எண் பழையபடியே நின்றது. 1989 ஏப்ரல் 15-இல் அந்தக் கூண்டுகளில் நசுங்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அங்கும் முதலில் ரசிகர்கள்மேல்தான் பழி போட்டார்கள். அந்தப் பொய்யை உடைக்கக் குடும்பங்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தச் சாவுகளை விசாரித்து 1990-இல் வந்த டெய்லர் அறிக்கைதான் பெரிய கழகங்களின் நிற்கும் காலரிகளை ஒழித்து, எல்லோருக்கும் இருக்கை என்ற நிலையைக் கொண்டுவந்தது.

2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங் நகர், கஞ்சுருஹான் மைதானம். காலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மூச்சு முட்டி ஓடியவர்கள் கேட்டுக்கு இறங்கும் படிகளில் குவிந்தார்கள். 135 பேர் இறந்தார்கள். அதிகம் பேர் மாண்ட கேட்டின் எண்ணும் 13.

எதை மாற்ற வேண்டும்

1961-இல் இருவர் இறந்த அன்றே ஒரு காரியம் செய்திருக்கலாம். அடுத்த ஆட்டத்தின்போது படிக்கட்டின் உச்சியில் ஒருவர் கடிகாரத்தோடு நின்று, விசில் அடித்ததிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், கீழே எத்தனை பேர் இறங்கி முடிக்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் போதும். இரண்டு எண்ணும் பொருந்தாது என்பது அன்றே தெரிந்திருக்கும். செலவு ஒரு நாள் கூலி. இன்றும் எந்தப் புதிய மைதானத்திலும் முதல் சில ஆட்டங்களில் இதைச் செய்துபார்க்கலாம், கேமரா வைத்து இன்னும் துல்லியமாக.

காயத்தோடு முடிந்த சம்பவத்தைச் சாவோடு முடிந்த சம்பவத்துக்கு நிகராகப் பதிவுசெய்ய வேண்டும். 1967, 1969 இரண்டிலும் யாரும் இறக்கவில்லை என்பதால் அவை தனித்தனிச் செய்திகளாகக் கரைந்துபோயின. மூன்றையும் ஒரே தாளில், ஒரே படிக்கட்டின் பெயருக்கு நேரே எழுதிப் பார்த்திருந்தால் யாருக்கும் தப்பியிருக்காது. அந்தத் தாளை வைத்திருக்கப் பெயர் சொல்லி ஒரு ஆள் வேண்டும். இந்தப் பொறுப்பைக் குழுவிடம் விட்டால் அது யாருடைய வேலையாகவும் இருக்காது.

அடுத்து, தகவல். கீழே அடைப்பு என்று மேலே இருப்பவருக்குச் சொல்ல ஐப்ராக்ஸில் வழியே இல்லை. கூட்டத்தில் முன்னால் நடப்பது பின்னால் தெரியாது. எனவே பின்னால் வருபவரை நிறுத்தும் அதிகாரமும் ஒலிபெருக்கியும் படிக்கட்டின் உச்சியில் நிற்கும் ஊழியரிடம் இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டாலே நிறுத்திப் பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் தண்ணீர்போல அலையடிக்கும், அதற்குமேல் தனிமனிதன் விருப்பப்படி காலெடுத்து வைக்க முடியாது.

கட்டடத்தில், நீளமான நேர்ப்படிக்கட்டை ஒரே மூச்சாக இறக்கக் கூடாது. நடுவில் தளம் வேண்டும், திருப்பம் வேண்டும். ஓரங்களில் ஒதுங்க இடம் வேண்டும். வசதியான வழிக்குத்தான் ஆட்கள் போவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, ரயில் நிலையப் பக்கத்து வாயிலை மற்றவற்றைவிட அகலமாகக் கட்ட வேண்டும். எல்லா வாயிலும் சம அகலம் என்பது வரைபடத்தில் அழகாக இருக்கும், கூட்டம் சமமாகப் பிரிந்து போகாது.

ஐப்ராக்ஸின் பிரதான காலரியும் கோப்லண்ட் சாலைக் காலரியும் சந்திக்கும் மூலையில் 2001-இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 1971-இல் அணித்தலைவராக இருந்தவரின் சிலை, கீழே இறந்தவர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களை 1902, 1961, 1971 என்று மூன்று ஆண்டுகளின் கீழ் பொறித்திருக்கிறார்கள். நடு ஆண்டின் கீழே இரண்டே பெயர்கள் இருக்கின்றன.